வெற்றி யாருடையது?

ஒரு செயலின் பயன் யாருக்குச் சேர வேண்டும் என்னும் கேள்வி மிகப் பழமையானது. செய்தவருக்கே சேர வேண்டும் என்று விடை கூறிவிடுதல் எளிது. ஆயின், செய்தவர் யார் என்பதே தெளிவுபடாத இடத்தில் அவ்விடை நமக்குத் துணை செய்வதில்லை. 1976ஆம் ஆண்டு கனடாவின் மாண்ட்ரியல் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் விளையாட்டுகளில் கிழக்கு ஜெர்மனியின் மகளிர் நீச்சல் அணி பெற்ற வெற்றி அத்தகையதோர் இடமாகும்.

அவ்வாண்டு மகளிர்க்கென 13 நீச்சற் போட்டிகள் நடைபெற்றன. அவற்றுள் 11 போட்டிகளின் தங்கப் பதக்கங்களைக் கிழக்கு ஜெர்மனியே வென்றது. நான்காண்டுகளுக்கு முன்னர் மூனிக் நகரில் அந்நாட்டு மகளிர் நீச்சலில் ஒரு தங்கத்தையேனும் பெற்றாரில்லை. மாண்ட்ரியலிலோ 17 வயதே நிரம்பிய கொர்னேலியா எண்டர் ஒருவரே நான்கு தங்கங்களைப் பெற்றார். ஒரு சிறு நாடு நான்கே ஆண்டுகளில் இவ்வளவு உயர்ந்ததைக் கண்ட உலகம், அறிவியல் முறைப்பட்ட பயிற்சியின் பயன் இது என்று பாராட்டியது. கிழக்கு ஜெர்மனிப் பெண்களின் குரல் ஆண்குரல்போல் தடித்திருப்பதைச் சிலர் சுட்டிக்காட்டியபோது, அவர்கள் வந்தது நீந்துவதற்கேயன்றிப் பாடுவதற்கன்று என்னும் பொருள்பட அவ்வணியின் தரப்பில் விடை கூறப்பட்டதாகச் சொல்வர். நகைச்சுவை சில வேளைகளில் உண்மையை மறைக்கும் நல்ல திரையாகிவிடுகிறது.

அத்திரையை விலக்க முயன்றவர் அமெரிக்க வீராங்கனை ஷெர்லி பாபஷாஃப். 200, 400, 800 மீட்டர் தன்னிச்சை நீச்சற் போட்டிகள் மூன்றிலும் கிழக்கு ஜெர்மனியருக்கு அடுத்ததாகவே அவர் வந்தார். தம் ஐயத்தை அவர் வெளிப்படையாகக் கூறினார். அதற்கு அவர் பெற்ற பரிசு, சொந்த நாட்டுச் செய்தியாளர்கள் சூட்டிய 'சிடுமூஞ்சி ஷெர்லி' என்னும் பட்டம். தோற்றவர் பேசினால் அதனைப் பொறாமை என்று கொள்வது உலக வழக்கமாயிற்றே! இறுதியாக நிகழ்ந்த நால்வர் தொடர் நீச்சலில் அவரும் தோழியர் மூவரும் ஒரு நொடிக்கும் குறைந்த இடைவெளியில் வென்றனர். அமெரிக்க மகளிர்க்கு அந்த நீச்சற்குளத்தில் கிட்டிய ஒரே தங்கம் அதுவே.

1989ஆம் ஆண்டு பெர்லின் சுவர் வீழ்ந்தது. அதன் பின்னர் அறிவியலறிஞர் வெர்னர் ஃபிராங்கேயும், முன்னாள் தடகள வீராங்கனையான அவர் மனைவி பிரிகிட்டே பெரெண்டோங்கும் அரசின் மறைவான ஆவணங்களைத் தேடியெடுத்து வெளியிட்டனர். 1974இல் ஆளுங்கட்சித் தலைமையே வகுத்த, '14.25' என்னும் எண்ணால் குறிக்கப்பட்ட திட்டம் ஒன்று அப்போது வெளிப்பட்டது. ஆண்மை இயக்குநீரை ஒத்த ஊக்கமருந்துகள் சிறுமியர்க்கும் அளவறிந்து கொடுக்கப்பட்டன. நீல நிறத்து மாத்திரைகளைக் காட்டி, உயிர்ச்சத்து என்று கூறினர். வெளிநாடு செல்லுமுன் அரசின் ஆய்வுக்கூடத்திலேயே வீரர்களைச் சோதித்து, உடலில் மருந்தின் தடயம் இல்லை என்று உறுதி செய்தபின்னரே அனுப்பினர். பிடிபடாமைக்கும் அவ்வரசிடம் ஒரு திட்டம் இருந்தது. 1980இல் மாஸ்கோவில் 15 வயதில் மூன்று தங்கம் வென்ற ரிக்கா ரைனிஷ், சூலகங்கள் கெட்டு நீச்சலை விட்டே விலக நேர்ந்தது. 2000ஆம் ஆண்டில் பெர்லின் நீதிமன்றம், விளையாட்டுத் துறைத் தலைவர் மான்ஃபிரெட் ஏவால்டையும் மருத்துவர் மான்ஃபிரெட் ஹெப்னரையும் உடற்கேடு விளைவிக்கத் துணைநின்ற குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. இருவருக்கும் விதித்த சிறைத்தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது.

இனி நம் கேள்விக்கு வருவோம். குற்றம் என்பதற்கு அறிவும் விருப்பமும் வேண்டும். இவ்விரண்டும் அச்சிறுமியரிடம் இருந்தனவாகக் கூற இயலாது. மருத்துவர் கையிலிருந்து மாத்திரை வாங்கும் 14 வயதுப் பெண், 'இஃது என்ன?' என்று வினவத் துணிவாளா? துணிந்தாலும், அந்நாட்டில் விடை கிடைத்திருக்குமா? ஆகவே அவர்களைக் குற்றவாளிகள் என்றல் கொடுமை. இதுவரை பெரும்பாலோர் உடன்படுவர். இதிலிருந்து ஒரு சாரார், 'குற்றமற்றவர்களின் பதக்கத்தைத் தொடலாகாது' என்னும் முடிவுக்குத் தாவுகின்றனர். இத்தாவல் எனக்கு ஏற்புடையதன்று. தந்தை திருடிக் கொணர்ந்த நகையை அறியாது அணிந்த மகள் திருடியல்லள். ஆயினும் அந்நகை அவளுடையதாகிவிடாது. நகைக்குரியவள் வேறொரு தெருவில் வெறுங்கழுத்தோடு நிற்கிறாள். குற்றமின்மை வேறு, உரிமை வேறு.

இதற்கு வலிய மறுப்பு ஒன்றுண்டு. நகை முழுவதும் திருடப்பட்டது, வெற்றி அவ்வாறன்றே! வைகறையில் எழுந்து ஆண்டுக்கணக்கில் நீந்திய உழைப்பு அப்பெண்களுடையது. அவ்வெற்றியில் மருந்தின் பங்கு எவ்வளவு, உழைப்பின் பங்கு எவ்வளவு என நிறுக்கும் துலாக்கோல் எவரிடமும் இல்லை. இம்மறுப்பை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். ஆனால், இவ்வாதம் பதக்கத்தை உழைப்பின் கூலியாகக் கருதுகிறது. கூலியாயின் எட்டாவதாக வந்தவளுக்கும் அன்றோ கொடுக்க வேண்டும்? பதக்கம் ஒரு சான்றுரை. 'அனைவர்க்கும் பொதுவான விதிப்படி இவரே முதலில் வந்தார்' என்று உலகின்முன் அது சொல்கிறது. அச்சொல் பொய்யென்று தெரிந்தபின் திருத்துவது தண்டனையன்று. பிழையான மதிப்பெண்ணைத் திருத்தும் ஆசிரியர் மாணவனை ஒறுக்கிறாரா என்ன?

திருக்குறளில் வினைத்தூய்மை 66ஆம் அதிகாரம். வினைத்திட்பம் அதனையடுத்து 67ஆவதாக நிற்கிறது. கிழக்கு ஜெர்மனி அரசிடம் திட்பத்திற்குக் குறைவேயில்லை. இவ்வளவு ஒழுங்காகவும் நுணுக்கமாகவும் எழுதி வைத்துச் செய்யப்பட்ட தீமைகள் வரலாற்றில் சிலவே. குழந்தைகளின் உடலைக் கருவியாக்கி நாட்டின் பெயரை ஒலிக்கச் செய்ய அது விரும்பியது. அங்கே நீந்தியவள் பெண், வென்றது அரசு. இழந்தவர்களோ, தனிப்போட்டிகளில் தங்கம் பெறாத பாபஷாஃப் போன்றோர் மட்டுமல்லர். பதக்கம் பெற்ற பெண்களுமே ஆவர். தம் வெற்றியில் தமக்குரிய பகுதி எதுவென்று அவர்கள் என்றேனும் அறிந்துகொள்ளும் வழியையும் அவ்வரசு அடைத்துவிட்டது.

1998இல் முடிவுகளைத் திருத்த வேண்டுமென அமெரிக்க, பிரிட்டிஷ் தரப்புகள் கேட்டன. அனைத்துலக ஒலிம்பிக் குழு மறுத்துவிட்டது. அதே ஆண்டில், 1976இல் 14 வயதிலேயே மார்பு நீச்சலில் உலகச் சாதனை படைத்த கரோலா நிட்ச்கே, தம் பதக்கங்களைத் திருப்பிக் கொடுத்து, சாதனைப் பட்டியலிலிருந்து தம் பெயரை நீக்குமாறு தாமே கேட்டுக்கொண்டார். அவரை எவரும் வற்புறுத்தவில்லை. மாண்ட்ரியல் பட்டியலிலோ 11 தங்கங்களும் இன்றும் கிழக்கு ஜெர்மனியின் பெயரிலேயே உள்ளன.