ஊர்ப் பணத்தில் ஒரு ஹோட்டல்

'தேவை' என்ற சொல்லைப்போல நம்மை ஏமாற்றுகிற சொல் வேறு உண்டா என்பது எனக்குச் சந்தேகம். பசித்தவனுக்குச் சோறு தேவை என்கிறோம். ஊருக்கு ஒரு பெரிய ஹோட்டல் தேவை என்றும் சொல்கிறோம். இரண்டு வாக்கியங்களுக்கும் இலக்கணம் ஒன்றுதான். ஆனால் முதலாவதில் மேற்கொண்டு கேள்விக்கு இடமில்லை. 'எதற்காகச் சோறு?' என்று கேட்கிறவனை நாம் மனிதர்களோடு சேர்க்க மாட்டோம். இரண்டாவதில் 'எதற்காக?' என்று கேட்டே தீரவேண்டும். கேட்டால் ஒரு பதில் வரும். அந்தப் பதிலுக்குள்ளிருந்து இன்னொரு தேவை தலையை நீட்டும்.

இது வெறும் வார்த்தை விளையாட்டு அல்ல. அமெரிக்காவில் பால்ட்டிமோர் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. 1950-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அங்கே 9,49,708 பேர் இருந்தார்கள். 2020-இல் 5,85,708 பேர். எழுபது ஆண்டுகளில் ஊரில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு ஜனங்கள் காணாமல் போனார்கள். யுத்தம் இல்லை, பூகம்பம் இல்லை. கையில் காசுள்ளவர்கள், பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள், நெடுஞ்சாலை வழியே புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். எந்தத் தெருவில் எந்த நிறத்தவர் குடியிருக்கலாம் என்று 1910-இலேயே சட்டம் போட்ட நகரம் அது. பிற்காலத்தில் அந்தச் சட்டம் போயிற்று. அது போட்ட கோடு போகவில்லை. ஸ்பாரோஸ் பாயிண்ட் என்ற இடத்தில் ஒரு காலத்தில் உலகத்தின் மிகப் பெரிய எஃகு ஆலைகளில் ஒன்று இருந்தது. அதுவும் 2012-இல் மூடப்பட்டது. ஊருக்குள் ஆளில்லாத வீடுகள் பல்லாயிரம். பல ஆண்டுகள் அந்தக் கணக்கு 16,000-ஐச் சுற்றியே நின்றது.

இப்படி வற்றிப்போகிற ஓர் ஊரின் மேயர் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்வீர்கள்? போனவர்களைத் திரும்ப அழைக்க முடியாது. இருப்பவர்களிடம் இன்னும் வரி கேட்டால் அவர்களும் போய்விடுவார்கள். அப்போது மனசில் ஒரு யோசனை உதிக்கும்: வெளியூர்க்காரர்களை வரவழைப்போம், அவர்கள் இரண்டு நாள் தங்கட்டும், செலவழிக்கட்டும், அந்தக் காசில் நம் குடும்பம் நடக்கட்டும். பால்ட்டிமோரின் மேயராக 1971 முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்த வில்லியம் டொனால்ட் ஷேஃபர் நம்பியது இதைத்தான். 1979-இல் மாநாட்டு மண்டபம் திறந்தார்கள். அடுத்த ஆண்டு ஜேம்ஸ் ரௌஸ் என்ற கட்டட முதலாளி துறைமுகக் கரையில் ஹார்பர்பிளேஸ் என்ற அங்காடியை எழுப்பினார். 1981-இல் மீன்காட்சி சாலை வந்தது. கப்பல் நின்ற இடத்தில் குடும்பங்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு உலாவின. மற்ற நகரங்களின் மேயர்கள் ரயிலேறி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இதைப் பரிகாசம் செய்ய எனக்கு மனமில்லை. செத்துக்கொண்டிருந்த கரைக்கு உயிர் வந்தது உண்மை.

ஆனால் இனிதான் தேவைகளின் சங்கிலி தொடங்குகிறது. மண்டபம் போதவில்லை என்றார்கள்; 1990-களில் சுமார் 15 கோடி டாலரில் அதைப் பெரிதாக்கினார்கள். பெரிதாக்கிய பிறகு, 'மண்டபம் இருந்து என்ன, பக்கத்தில் ஹோட்டல் இல்லையே' என்றார்கள். இந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மாநாடு நடத்துகிற சங்கங்கள் ஐந்து, பத்து ஆண்டுகளுக்கு முன்பே ஊரைத் தீர்மானிக்கின்றன. ஒரே கூரையின் கீழ் பல நூறு அறைகள் வேண்டும், மழையில் நனையாமல் மண்டபத்துக்கு நடந்து போகவேண்டும், அறை வாடகையிலும் சலுகை வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. பத்துச் சிறு விடுதிகளில் ஐம்பது ஐம்பது அறைகளாகப் பிரித்துக் கொடுத்தால் அவர்கள் வேறு ஊர் பார்த்துக்கொள்வார்கள். ஆகவே வரிச்சலுகை கொடுத்து ஒரு பெரிய ஹோட்டலுக்கு நகரம் வழி செய்தது. ஜான் பட்டராக்கிஸ் என்ற ரொட்டி வியாபாரச் செல்வந்தர் கட்டிய அந்த ஹோட்டல் 2001-இல் திறந்தது. அது மண்டபத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் தூரத்தில், அவருடைய நிலம் இருந்த இடத்தில் எழும்பியது! திறந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே, 'மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல் தேவை' என்ற பழைய பாட்டு மறுபடியும் கேட்கத் தொடங்கியது.

இந்தத் தடவை நகரமே கட்டியது. 2005-இல் நகர சபை சம்மதித்தது. சுமார் 30 கோடி டாலருக்கு நகரத்தின் பெயரால் கடன் பத்திரங்கள் விற்கப்பட்டன. 757 அறைகளோடு ஹில்டன் என்ற பெயர்ப்பலகை தாங்கி 2008 ஆகஸ்டில் ஹோட்டல் திறந்தது. மண்டபத்துக்குப் பாலமும் போட்டார்கள். அடுத்த மாதமே லேமன் பிரதர்ஸ் திவாலாகி உலகச் சந்தையெல்லாம் சரிந்தது. முதல் ஆண்டுகளில் ஹோட்டல் நஷ்டத்தில் ஓடியது. யானை வாங்கினவன் அங்குசத்துக்கு அழக்கூடாது என்பார்கள். இங்கே அங்குசத்தின் விலை யானையைப் பெரிதாக்கிய செலவைப்போல இரு மடங்கு.

போகிற போக்கில் ஒன்று. அந்த ஊரில் 1911-இல் கட்டிய ஒரு மணிக்கூண்டு உண்டு. ப்ரோமோ செல்ட்சர் என்ற தலைவலி மருந்தை விற்றவர் கட்டியது. கடிகாரத்தில் எண்களுக்குப் பதிலாக அந்த மருந்தின் பெயரெழுத்துக்களே பன்னிரண்டும் நிற்கும். கேம்டன் யார்ட்ஸ் பேஸ்பால் மைதானத்தில் உட்கார்ந்தால் அந்தக் கோபுரம் தெரியும் என்பது உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு பெருமை. புதிய ஹோட்டல் அதை மறைத்துவிட்டது. தலைவலி மருந்தின் கோபுரத்தை மறைத்துக்கொண்டு ஒரு தலைவலி வந்து நின்றது என்று அந்த ஊர்க்காரர் ஒருவர் என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

இனி, விஷயத்துக்கு வருகிறேன். ஹோட்டல் லாபமா நஷ்டமா என்பது கணக்கப்பிள்ளைகளின் விவகாரம். என்னை வாட்டுவது வேறு. லாபத்துக்காக நடக்கிற ஒரு தொழிலில், லாபத்துக்காகவே வாழ்கிற வியாபாரிகள் முழுப் பொறுப்பேற்கத் தயங்கி நின்றபோது, ஊர் ஜனங்களின் பெயரால் அந்தப் பொறுப்பை ஏற்க ஒரு நகர சபைக்குத் தார்மிக உரிமை உண்டா?

நூலகத்தைத் தனியார் கட்டாவிட்டால் நகரம் கட்டுகிறது. அதில் தவறில்லை; நூலகம் காசு சம்பாதிக்கப் பிறந்ததல்ல. தனியார் அதைக் கட்டாதது நூலகத்தின் பயனைப்பற்றி எதையும் சொல்லவில்லை. ஹோட்டல் அப்படியா? அறை நிறைந்தால் காசு, நிறையாவிட்டால் கடன். அதைப்பற்றி நன்றாகத் தெரிந்தவர்கள், அந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவர்கள், 'சொந்தப் பணத்தைப் போட மாட்டோம், நடத்திக் கொடுக்கக் கூலி வாங்கிக்கொள்கிறோம்' என்று சொன்னால், அந்தத் தயக்கமே ஒரு செய்தியல்லவா? அந்தச் செய்தியைக் காதில் போட்டுக்கொள்ளாமல், 'அப்படியானால் நாமே கட்டுவோம்' என்று முடிவு செய்வது வீரமா, விவேகமின்மையா?

அவசரப்பட்டு விவேகமின்மை என்று சொல்லிவிடவும் முடியவில்லை. காரணம், அதே பால்ட்டிமோர் 1827-இல் ஒரு பந்தயம் கட்டியிருக்கிறது. மலையைத் தாண்டி ஒஹாயோ நதிவரை ரயில் பாதை போடுவோம் என்று ஒரு கம்பெனி புறப்பட்டபோது, அமெரிக்காவில் ரயில் என்றால் என்னவென்று அறிந்தவர்கள் அரிது. நகரம் தன் பணத்தில் அந்தக் கம்பெனியின் பங்குகளை வாங்கியது. அன்று ஊர்ப் பணத்தைப் பணயம் வைத்தவர்கள் விவேகிகளாக இருந்திருந்தால் அந்த ஊர் இவ்வளவு வளர்ந்திருக்குமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

எனக்குத் தோன்றும் பதில் இது. ரயில் பாதை, இல்லாத ஒன்றை உண்டாக்கியது. மலைக்கு அப்பால் கிடந்த கோதுமை கடலுக்கு வந்தது; விளைத்தவனும் பிழைத்தான், வாங்கினவனும் பிழைத்தான். மாநாடு அப்படி அல்ல. பல் வைத்தியர்களின் சங்கம் ஆண்டுக்கு ஒரு முறைதான் கூடும். அது பால்ட்டிமோரில் கூடினால் ஃபிலடெல்ஃபியாவில் கூடவில்லை என்று அர்த்தம். ஓர் ஊரின் வரவு இன்னோர் ஊரின் இழப்பு. ஒரு காரியம் தர்மமா என்று சோதிக்க ஒரு பழைய வழி உண்டு: எல்லாரும் இதையே செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்ப்பது. அமெரிக்காவில் இதை யோசித்துப் பார்க்கவே வேண்டியதில்லை, செய்தே பார்த்துவிட்டார்கள். ஹேவுட் சாண்டர்ஸ் என்ற பேராசிரியர் 2005-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 1990-க்குப் பிறகு அந்த நாட்டின் மாநாட்டு மண்டபப் பரப்பு 50 சதவீதத்துக்கு மேல் பெருகிவிட்டதென்றும், கூடுகிற கூட்டம் அந்த அளவு பெருகவில்லையென்றும் காட்டினார். மண்டபங்கள் காலியாகக் கிடந்தால் சங்கங்களுக்குக் கொண்டாட்டம். வாடகையைக் குறைக்கச் சொல்லலாம், இலவசமாகவே கேட்கலாம். ஊர்கள் ஒன்றையொன்று ஏலத்தில் தோற்கடித்துக்கொள்கின்றன. செயின்ட் லூயிஸ் நகரமும் பால்ட்டிமோரைப் போலவே ஜனங்களை இழந்த ஊர். அங்கே அரசாங்க உதவியோடு 2003-இல் திறந்த மாநாட்டு ஹோட்டலைக் கடன் கொடுத்தவர்கள் 2009-இல் கையகப்படுத்திக்கொண்டார்கள். ஆஸ்டினைப்போல, வளர்ந்துகொண்டே போகிற ஊர்களில் இப்படிப்பட்ட ஹோட்டல்கள் நன்றாகவே நடக்கின்றன. ஏற்கெனவே ஆரோக்கியமாக இருக்கிறவனுக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்கிறது. எந்த நோயாளிக்காகத் தயாரித்தார்களோ அவனுக்குத்தான் சந்தேகம்.

நம்மவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பத்தாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 2019 ஜூலையில் சிகாகோவுக்குப் பக்கத்தில் ஷாம்பர்க் என்ற இடத்தில் நடந்தது. அங்குள்ள மாநாட்டு மண்டபத்தையும் அதோடு ஒட்டிய ஹோட்டலையும் 2006-இல் திறந்தவர்கள் யார் தெரியுமா? ஷாம்பர்க் கிராமம்! ஆமாம், சுமார் 78 ஆயிரம் பேர் வாழ்கிற அந்த ஊருக்குச் சட்டப்படி 'கிராமம்' என்றுதான் பெயர். கட்டடம் அந்தக் கிராமத்தின் சொத்து. விருந்தோம்பலுக்கு வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்த மொழிக்காரர்கள் நாம். அங்கே கூடியவர்களில் எத்தனை பேருக்கு, தங்களுக்குப் பாய் விரித்தது ஒரு கிராமத்தின் கடன் என்பது தெரிந்திருக்கும்? விருந்தோம்பலில் கொடுப்பவன் தன் கையிலுள்ளதைக் கொடுக்கிறான்; தான் பட்டினி கிடந்துகூடக் கொடுக்கலாம், அது அவன் பெருமை. ஆனால் வீட்டிலுள்ள மற்றவர்களின் கலத்திலிருந்து, அவர்களைக் கேட்காமல் எடுத்துப் பரிமாறுகிறவனை என்னவென்று சொல்வது?

பால்ட்டிமோரில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். கறுப்பினத்தவர், மேற்குப் பகுதியில், இரு பக்கமும் பூட்டிய வீடுகளுக்கு நடுவே குடியிருக்கிறார். என் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேசவில்லை. ஊரைவிட்டு எல்லாரும் போவதையே பார்த்துக் கண் பூத்தவர்களுக்கு, யாராவது வருகிறார்கள் என்பதே பெரிய காரியம் என்றார். அவருடைய தங்கை மகள் அப்படிப்பட்ட ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிறாளாம். சம்பளம் கொஞ்சந்தான், ஆனால் சம்பளம். "ஹோட்டல் கட்டியதைக் குறைசொல்ல மாட்டேன். ஹோட்டல் கட்டினால் எங்கள் தெருவுக்கு விளக்கு வரும் என்றார்களே, அதைத்தான் கேட்கிறேன்" என்று முடித்தார்.

அந்த அம்மையார் சொன்னதைப் பற்றிப் பல நாள் யோசித்திருக்கிறேன். ஹோட்டல் மண்டபத்துக்காக, மண்டபம் விருந்தாளிக்காக, விருந்தாளி வரிக்காக, வரி தெரு விளக்குக்காக. சங்கிலியின் கடைசிக் கண்ணியில் அவர் நிற்கிறார். நடுவில் எந்தக் கண்ணி அறுந்தாலும் கட்டடக்காரருக்குக் கூலி கிடைத்துவிடும். பத்திரம் விற்றுக்கொடுத்தவருக்குத் தரகு கிடைத்துவிடும். 'அறைகள் நிறையும்' என்று எழுதிக் கொடுத்த நிபுணருக்கும் கட்டணம் முன்பே கிடைத்துவிடும். அவர் கணக்குப் பொய்த்தால் பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதுவதில்லை. வரவேண்டிய விளக்குதான் வராது. எதில் முதலில் கையெழுத்தாகிறதோ அதற்கு முதல் பங்கு, எதற்காக எல்லாம் தொடங்கியதோ அதற்கு மிச்சம் இருந்தால் பங்கு. கட்டியதைவிட இந்த வரிசைதான் எனக்கு அநியாயமாகப் படுகிறது.

ஊர்ப் பணத்தைப் பணயம் வைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பணயம் என்று சொல்லிவிட்டு வைக்கலாம். டல்லஸ் நகரத்தில் இதே மாதிரி நகரமே ஹோட்டல் கட்டப் புறப்பட்டபோது, எதிர்த்தவர்கள் விவகாரத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார்கள். 2009 மே மாதம் ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள். நகரம் ஹோட்டல் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற யோசனை சொற்ப வித்தியாசத்தில் தோற்றது. 2011-இல் 1,001 அறைகளோடு ஹோட்டல் திறந்தது. அது நாளைக்கு நொடித்துப் போனாலும் அந்த ஊர்க்காரன் 'என்னைக் கேட்காமல் செய்தார்கள்' என்று சொல்ல முடியாது. பால்ட்டிமோரின் ஹில்டன் விஷயத்தில் ஓட்டுப்பெட்டி வைக்கவில்லை. சபைக்குள் கை தூக்கியதோடு முடிந்தது.

ரௌஸ் கட்டிய ஹார்பர்பிளேஸின் கதையும் வேறு விதமாகப் போயிற்று. கடைகள் ஒவ்வொன்றாகக் காலியாகி 2019-இல் நீதிமன்றம் நியமித்தவர் பொறுப்பில் போனது. அந்தக் கரையில் இனிக் குடியிருப்பு மாடிகள் எழுப்பலாமா என்ற கேள்வி 2024 நவம்பரில் வாக்காளர்களிடம் வந்தது. பெரும்பான்மையோர் சம்மதம் தந்தார்கள். விருந்தாளிகளுக்காகக் கட்டிய கரையில் குடியிருக்க வருகிறவர்களுக்கு வீடு கட்டப் போகிறார்கள். வாடகை எவ்வளவு இருக்கும் என்று அந்த ஆசிரியை கேட்பார்.