லாயிசிதேயும் மதச்சார்பின்மையும்

பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு படிப்பவரை நின்று யோசிக்க வைக்கும் சொற்களுள் ஒன்று ‘லாயிசிதே’. வழக்கமாக அதை மதச்சார்பின்மை என்று மொழிபெயர்க்கிறார்கள். ஆனால் இரண்டும் ஒரே கேள்விக்கான இரண்டு விடைகள்: பல சமயத்தார் வாழும் நாட்டில் அரசு எங்கே நிற்க வேண்டும்?

பிரான்சில் 1905 டிசம்பர் 9ஆம் நாள் சட்டம் அரசையும் திருச்சபைகளையும் பிரித்தது. அதன்படி அரசு எந்த வழிபாட்டுக்கும் அங்கீகாரமோ ஊதியமோ மானியமோ அளிப்பதில்லை. 2004இல், அரசுப் பள்ளி மாணவர்கள் சமய அடையாளங்களை எடுப்பாகத் தெரியும்படி அணிவதும் தடை செய்யப்பட்டது. எனினும் 1905இல் ஜெர்மனியின் வசமிருந்த அல்சாஸ் பகுதியில் பாதிரியார்களுக்கு இன்றும் அரசே சம்பளம் தருகிறது.

இந்தியா வேறு வழியில் சென்றது. அரசமைப்பின் 25ஆம் உறுப்பு சமய உரிமையை அளிப்பதோடு, சீர்திருத்தத்துக்காக அரசு தலையிடவும் இடம் தருகிறது. தமிழ்நாட்டில் கோயில் நிர்வாகத்தை அரசுத் துறையே மேற்பார்வையிடுகிறது. நெற்றியில் திருநீற்றோடு வகுப்புக்கு வரும் மாணவரை யாரும் தடுப்பதில்லை.

பிரெஞ்சு பேசும் நாடுகளிலும் பொருள் ஒன்றல்ல. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் செனகல் தன்னை லாயிசிதேயைப் பின்பற்றும் குடியரசாக அறிவித்துக்கொண்டது. அதன் முதல் குடியரசுத் தலைவர் செங்கோர் ஒரு கத்தோலிக்கர்.

பிரான்சின் லாயிசிதே விலகி நிற்கும் சமத்துவம், இந்தியாவின் மதச்சார்பின்மை அனைத்துக்கும் இடமளிக்கும் சமத்துவம். இந்த வேறுபாட்டை அறிவதும் மொழிக் கல்வியின் பகுதியே.