மறக்கச் செய்தல் கருணையாகுமா?

ஒருவர் தாம் செய்த செயலை எண்ணி எண்ணி மனம் நைந்து போகிறார். அச்செயலின் நினைவையே அவர் உள்ளத்திலிருந்து பிறர் அகற்றிவிட இயலுமானால், அது அவருக்குச் செய்யும் உதவியா, தீங்கா? இவ்வினாவை எதிர்பாராத ஓரிடத்தில், அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில், நாம் கண்டோம்.

'ஸ்டார் டிரெக்: வாயேஜர்' என்னும் அந்த அறிவியல் புனைவுத் தொடர் 1995 முதல் 2001 வரை ஒளிபரப்பானது. பூமியிலிருந்து ஏறத்தாழ 70,000 ஒளியாண்டுத் தொலைவுக்கு எறியப்பட்ட விண்கலம் ஒன்று வீடு திரும்ப முயல்வதே கதை. கலத்தின் மருத்துவர் தொடக்கத்திலேயே இறந்துவிட, அவர் பணியை ஏற்பது கணிப்பொறி இயக்கும் ஓர் ஒளி உருவம், அதாவது ஹோலோகிராம். அதற்குப் பெயரும் இல்லை. 'டாக்டர்' என்றே அனைவரும் அழைக்கின்றனர். 'அது' என்பதா, 'அவர்' என்பதா? நாம் 'அவர்' என்றே எழுதுகிறோம். காரணம் பின்னர் விளங்கும்.

1999 ஜனவரியில் வெளிவந்த பகுதி 'லேட்டன்ட் இமேஜ்'. படச்சுருளில் ஒளி பதிந்தும் இன்னும் கழுவப்படாமையால் கண்ணுக்குப் புலப்படாத உருவத்தைக் குறிக்கும் சொல் அது. ஹாரி கிம் என்னும் இளம் அதிகாரியைப் பரிசோதிக்கையில், அவருக்கு முன்பே அறுவைச் சிகிச்சை நடந்த அடையாளத்தை டாக்டர் காண்கிறார். செய்தது தாமே, ஆனால் நினைவில்லை. தேடத் தேட, அழிக்கப்பட்ட படங்களிடையே தாம் அறியாத ஜெட்டால் என்னும் இளம்பெண்ணின் பிறந்தநாள் விருந்து தென்படுகிறது. தம் நினைவைத் திருடியவர் யார் என்று பொறிவைத்துப் பார்க்க, அகப்படுபவர் கலத்தின் தலைவி ஜேன்வே!

ஒன்றரை ஆண்டுக்கு முன் நடந்தது இது. பகைவர் தாக்குதலில் கிம், ஜெட்டால் இருவரும் ஒரே அளவில் காயமுற்றனர். பிழைக்கும் வாய்ப்பும் இருவருக்கும் சமம். ஒருவருக்குச் சிகிச்சை செய்யவே நேரம் இருந்தது. டாக்டர் கிம்மைத் தேர்ந்தார், ஜெட்டால் இறந்தார். ஏன் அவரைத் தேர்ந்தேன் என்ற கேள்வியே பின்னர் டாக்டரை வதைத்தது. கிம் நெருங்கிய நண்பர் என்பதன்றி வேறு காரணம் இல்லை. சமமாக நின்ற தராசைப் பற்று என்னும் சிறு எடை சாய்த்துவிட்டது. அவ்வெண்ணம் சுழல்போல் சுழன்று அவர் இயக்கத்தையே நிலைகுலையச் செய்ய, தலைவி அந்நினைவுகளை அழிக்க ஆணையிட்டார். கலத்தினர் அனைவரும் வாய்மூடி இருந்தனர்.

டாக்டர் செய்தது குற்றம் என்று நாம் கருதவில்லை. எவரையும் தேராமல் நின்றிருந்தால் இருவரும் மாண்டிருப்பர். எனினும் தம் கையைச் சாய்த்தது விருப்பே என்று கண்டு அவர் கலங்கியதைக் கோளாறு என்று கொள்ளவும் மனம் வரவில்லை. ராகத்தை ராகம் என்று அறிவது எளிய செயலன்று.

தலைவியையும் கொடியவர் என்று தள்ள இயலாது. நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் அவர் பொறுப்பில், மருத்துவரோ ஒருவரே. நோயுற்ற பெரியவரிடம் மகனின் மறைவைச் சொல்லாமல் மாதக்கணக்கில் மறைக்கும் குடும்பங்களை நாமும் அறிவோம். ஆனால் அவர் கூறும் சமாதானம் ஒன்று நம்மை உறுத்துகிறது. கேட்ட உணவை நொடியில் ஆக்கித் தரும் பொறியைக் காட்டி, டாக்டர் நம்மைப் போன்றவரல்லர், இப்பொறியைப் போன்றவரே என்கிறார்.

உணர்வே உயிரின் இலக்கணம் என்பது நம் கொள்கை. கணிப்பொறியில் பதிந்த நினைவு புத்கலமே, அதில் ஐயமில்லை. ஆயினும் யசோதர காவியம் கற்ற நமக்கு அவ்வளவில் அமைய முடியுமா? யசோதரன் பலியிட்டது உயிருள்ள கோழியையன்று, மாவினால் செய்த கோழியை. மாக்கோழிக்கு உயிர் ஏது? எனினும் கொல்லும் எண்ணத்தால் அவனும் தாய் சந்திரமதியும் பிறவிதோறும் மயிலாகவும் நாயாகவும் பிறவாகவும் உழன்றனர். எதிரில் இருப்பது எது என்பதை மட்டும் வைத்து வினை கட்டுவதில்லை. எவ்வெண்ணத்தோடு அதனிடம் நடந்தோம் என்பதும் கணக்கில் உண்டு. நேற்றுவரை நண்பராகப் பழகியவரை, இடர் வந்ததும் பொறியென்று எண்ணத் துணிந்த அக்கணத்தையே நாம் அஞ்சுகிறோம்.

அக்காவியமே மற்றொன்றையும் உணர்த்துகிறது. பிறவி மாறியும் அவ்விருவரையும் வினை விடவில்லை. மறதியால் வினை குறையவில்லை. கோழிகளாக இருந்தபோது அறவுரை கேட்டுப் பழம்பிறப்புணர்வு பெற்றனர். கதை திரும்பும் இடம் அதுவே. நாம் பிரதிக்கிரமணத்தில் அமர்ந்து செய்த பிழைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பது எதற்காக? நினைவுக்கு வராததை எவ்வாறு ஆலோசிப்பது, எதற்கு வருந்துவது? டாக்டரின் நினைவை அழித்தவர்கள் அவர் வேதனையை மட்டும் எடுக்கவில்லை. அதிலிருந்து மீளும் ஒரே படியையும் எடுத்துவிட்டனர். பிறர் அறிவை மறைப்பதும் அதற்கு இடையூறு செய்வதும் ஞானாவரணீயம் ஊற்றெடுக்கும் வாயில்கள் என்று தத்துவார்த்த சூத்திரம் கூறுவதை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஜெட்டாலைப் பற்றி எவரும் பேசுவதில்லை என்பது இன்னும் துயரமானது. டாக்டரைக் காக்கும் பொருட்டு, இறந்த பெண்ணின் பெயரே கலத்தில் ஒலிக்காமல் போயிற்று. அவளைக் காப்பாற்ற முடியாதவரிடமிருந்து அவளுக்காக அழும் உரிமையும் பறிக்கப்பட்டது.

உண்மை வெளிப்பட்டதும் டாக்டர் மீண்டும் அதே சுழலில் வீழ்கிறார். மீண்டும் அழித்துவிடலாம் என்றே தலைவி எண்ணுகிறார். செவன் ஆஃப் நைன் என்னும் பெண், ஒருகாலத்தில் தன்னியல்பே இன்றி இயந்திரக் கூட்டத்தின் உறுப்பாக இருந்து இத்தலைவியால் மீட்கப்பட்டவள், இரவில் அவரிடம் சென்று வாதிடுகிறாள். எனக்கு அளித்த தன்னுரிமையையும் இடர் வந்தால் பறிப்பீர்களோ என்பதே அவள் வாதத்தின் சாரம். தலைவி இசைகிறார். அதன்பின் நினைவு அழிக்கப்படவில்லை, மருந்தும் இல்லை. இரண்டு வாரம், இரவும் பகலும், கலத்தினர் முறைவைத்து ஒருவர் மாற்றி ஒருவராக டாக்டரின் அருகில் அமர்ந்திருக்கின்றனர். அவர் அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார், சினந்து ஏசுகிறார், அவர்கள் எழுந்து போவதில்லை. தலைவியின் முறை வந்தபோது அவர் கையில் தாந்தேயின் நூலோடு அமர்ந்தபடியே கண்ணயர்ந்துவிடுகிறார். பேச்சின் இடையே அவருக்குக் காய்ச்சல் கண்டிருப்பதை டாக்டர் கவனித்து, ஓய்வெடுக்கும்படி சொல்லி அனுப்புகிறார். பின்னர் அந்நூலைத் தாமே எடுத்துப் படிக்கத் தொடங்குகிறார்.