கூர் உள்ளவரை சொந்தம்

பழைய இழைப்புளிகளைச் சேர்ப்பவர்கள் ஸ்டான்லி 1-ஆம் எண்ணுக்காகப் பெருந்தொகை கொடுக்கத் தயங்குவதில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து நியூ பிரிட்டனில் இயங்கிய ஸ்டான்லி ரூல் அண்ட் லெவல் நிறுவனம், லெனார்ட் பெய்லியின் காப்புரிமைகளை 1869-இல் வாங்கி, 1 முதல் 8 வரை எண்ணிட்டு விற்ற இரும்பு இழைப்புளிகளில் அதுதான் மிகச் சிறியது. நீளம் ஏறத்தாழ 5½ அங்குலம். வளர்ந்த ஆளின் விரல்கள் அதன் பிடியில் சரியாக அடங்குவதில்லை. அதே வரிசையில் 9 அங்குல 4-ஆம் எண் பலகையின் முகத்தை வழவழப்பாக்கும். 22 அங்குல 7-ஆம் எண் நீண்ட பலகையின் ஓரத்தை நேராக்கும். பட்டறைகளில் அன்றாடம் உழைத்த இந்த இரண்டும் ஏராளமாகக் கிடைப்பதால் விலை குறைவு. அரிதாகக் கிடைப்பதற்கு விலை ஏறுவது சந்தையின் இயல்பு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கருவி நம்மிடம் இருப்பதற்கு என்ன பொருள் என்ற கேள்விக்குச் சந்தையால் பதில் சொல்ல முடியாது. வேலை வாங்காத கருவியில் பாதிதான் நம்மிடம் இருக்கிறது என்பது என் எண்ணம். மீதிப் பாதி அதைப் பிடிக்கும் கையின் பழக்கத்தில் இருக்கிறது. அலமாரியில் வைத்து அதைக் காப்பாற்ற முடியாது.

இதற்கு இழைப்புளியின் வரலாற்றிலேயே சாட்சி உண்டு. பெரும்பாலான ஸ்டான்லி இழைப்புளிகளில் அலகின் மேல், வெட்டுமுனைக்குச் சற்றுப் பின்னால், ஒரு தகடு திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கும். இது ஸ்டான்லி கண்டுபிடித்ததல்ல. பிலடெல்பியாவில் சாமுவேல் கரதர்ஸ் என்ற கைவினைஞர் 1767-இலேயே இத்தகைய இரட்டை அலகு இழைப்புளிகளை விளம்பரம் செய்திருக்கிறார். இழை ஓட்டத்துக்கு எதிராக இழைக்கும்போது, அலகு வெட்டுவதற்கு முன்பே மரம் பிளந்து பிய்ந்து வரும். பலகையில் சிறு சிறு குழிகள் விழும். மேல் தகட்டின் நுனியை வெட்டுமுனைக்கு மிக அருகில், 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்தால், மேலேறி வரும் சீவல் தகட்டில் முட்டி முன்பக்கமாக மடங்கும். பிளவு மேலே ஓட வழியில்லாமல் போகும். இழை தாறுமாறாகப் புரண்ட பலகைகூட வழவழப்பாக வரும். இவ்வளவு எளிய உத்தி, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆங்கிலம் பேசும் நாடுகளின் தச்சு ஆர்வலர்கள் பலருடைய கவனத்திலிருந்து நழுவிவிட்டது. தகடு அலகு அதிராமல் தாங்குவதற்கு மட்டுமே என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். பிய்ந்து வரும் மரத்துக்கு மாற்றாகத் தடித்த அலகும் செங்குத்தான கோணமும் தேடிப் பணம் செலவழித்தார்கள். ஜப்பானின் யமகாத்தா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கவாய், கட்டோ ஆகியோர், சீவல் தகட்டில் முட்டி மடங்குவதைப் பெரிதாக்கிக் காட்டிப் படம் பிடித்திருந்தார்கள். அந்தப் படம் 2012 வாக்கில் பரவலாகப் பேசப்பட்ட பிறகுதான் பலர் தங்கள் பழைய இழைப்புளியின் தகட்டை முன்னால் நகர்த்திப் பார்த்தார்கள். இத்தனைக்கும் அந்தத் தகடு எங்கும் காணாமல் போகவில்லை. எண்ணற்ற இழைப்புளிகளில் அது இருந்துகொண்டேதான் இருந்தது. பொருள் பத்திரமாக இருந்தும் அறிவு தொலைந்துபோக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

பயன்படுத்தினால் தேயுமே, வரலாற்றுச் சான்று அழியுமே என்பது இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பு. அதில் நியாயம் இருக்கிறது. இங்கிலாந்தின் ரோச்செஸ்டர் கில்டுஹால் அருங்காட்சியகத்தில் பெஞ்சமின் சீட்டனின் கருவிப் பெட்டி இருக்கிறது. அதிலுள்ள கருவிகள் 1796-இல் வாங்கப்பட்டு, அதிகம் உழைக்காமலே தங்கிவிட்டன. அவை அப்படித் தங்கியதால்தான் அந்தக் காலத்துத் தச்சரின் முழுக் கருவித்தொகுதி எப்படி இருந்தது என்று இன்று தெரிகிறது. மாசசூசெட்ஸின் ரென்தமில் அடிமையாக இருந்து இழைப்புளி செய்யக் கற்ற சீசர் செலோர், எஜமானர் பிரான்சிஸ் நிக்கல்சன் 1753-இல் இறந்தபோது விடுதலை பெற்று, தன் பெயரையே முத்திரையாகக் குத்தி இழைப்புளிகளை விற்றார். அந்த முத்திரை ஒரு மனிதர் தன்னைத் தானே உலகுக்கு அறிவித்த ஆவணம். அதை வேலைமேசையில் தேய்ப்பது தவறு. ஆனால் இத்தகைய விதிவிலக்குகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆயிரமாயிரமாக வார்த்தெடுக்கப்பட்ட 4-ஆம் எண்ணையும் 5-ஆம் எண்ணையும் அந்த வரிசையில் வைத்துப் பூட்டுவதற்கு அந்த நியாயம் பொருந்தாது. அவற்றில் தேய்வது பெரும்பாலும் அலகுதான். அலகு தேய்வதற்கென்றே செய்யப்பட்டது, தேய்ந்தால் வேறொன்று மாட்டலாம். தொடாமல் மூலையில் கிடந்தாலோ துரு உடல் முழுவதையும் தின்னும்.

இன்னொரு மறுப்பு, இயந்திரம் இருக்க இது எதற்கு என்பது. நூறு பலகைகளை ஒரே கனத்துக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் இயந்திரமே சரி. அந்தப் போட்டியில் இழைப்புளியை நிறுத்துவது அர்த்தமற்றது. ஆனால் இழைத்து முடித்த முகத்தை உப்புத்தாளால் தேய்த்தால் நுண்தூள் பறக்கிறது. மரத்தூள் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இலேயே வகைப்படுத்திவிட்டது. இழைப்புளி மரத்தைப் பெரும்பாலும் சீவலாகத்தான் விடுகிறது. அது மட்டுமல்ல, இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்காமல் இழைப்புளியைத் தள்ள முடியாது. மரத்தை வாசிக்கும் அந்தக் கட்டாயம்தான் மரத்தைப் பற்றிய அறிவைத் தருகிறது.

அதற்காகச் சேகரிப்பாளர்களை நான் குறைத்துப் பேசவில்லை. உடலில் வார்த்திருக்கும் 1902, 1910 காப்புரிமைத் தேதிகளைக் கொண்டு ஓர் இழைப்புளியின் காலத்தைக் கணிப்பதும், இரண்டாம் உலகப் போரின்போது பித்தளைத் திருகின் இடத்தில் கடின ரப்பர் வந்ததைக் கவனித்துச் சொன்னதும் அவர்கள் உழைப்பு. அவர்கள் இல்லையென்றால் பல இழைப்புளிகள் உருக்குலைக்குப் போயிருக்கும். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அடையாளம் கண்டறிவதோடு நிற்காமல் தீட்டவும் வேண்டும்.

ஆகவே எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்ற கேள்விக்கு என்னிடம் ஓர் அளவுகோல் இருக்கிறது. எத்தனை அலகுகளை நம் கையால் கூராக வைத்திருக்க முடியுமோ அத்தனை. சமமான முதுகு, பளிச்சென்ற முனை, நகர்த்தி வைத்த தகடு, மெல்லிய எண்ணெய்ப்பூச்சு — இவ்வளவும் ஒவ்வொன்றுக்கும் நேரம் கேட்கும். அந்த நேரம் நம்மிடம் இல்லாத இழைப்புளியை நாம் காப்பாற்றவில்லை, அடைத்து வைத்திருக்கிறோம். அதைத் தச்சு கற்கும் ஓர் இளைஞரிடம் கொடுத்து, தகட்டை எங்கே நிறுத்த வேண்டும் என்று பக்கத்தில் நின்று காட்டினால், இரும்போடு அறிவும் சேர்ந்து அடுத்த தலைமுறைக்குப் போகும். புத்தகங்களுக்கும் இசைக்கருவிகளுக்கும், வீட்டில் நாம் குவித்து வைக்கும் பல நல்ல பொருள்களுக்கும் இதே கணக்குப் பொருந்தும் என்று நம்புகிறேன். நம் நேரத்தை வாங்கிக்கொள்பவை மட்டுமே நம்முடையவை.