திரிகைக் கல்லும் கடன் கொப்பியும்



மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில், உழைக்கும் தாய்மார் பலர் நுண்கடன் தவணை நாளை எண்ணியே கிழமையைக் கழிக்கின்றனர். பட்ட கடனைத் தீர்ப்பது நீதி; ஐயமில்லை. ஆயினும், மாவரைக்கும் திரிகைக் கல்லை ஈடாக வாங்கலாகாது, அது உயிரையே ஈடாக வாங்குவதாகும் என்கிறது இணைச்சட்ட நூல் (24:6). பிள்ளைகளின் சோற்றுப் பானையைக் காலியாக்கி அறவிடும் தவணையும் அத்தகையதே.

2018இல், வறட்சி கண்ட 12 மாவட்டங்களில், பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நிலுவைக் கடன்களை நீக்க அரசு முன்வந்தது. மட்டக்களப்பும் அவற்றுள் ஒன்று. கடன் நீங்கலாம், அவள் தனியே சுமந்த வெட்கம் யாரால் நீங்கும்?

கையொப்பம் அவளுடையது, பணத்தில் உண்டதோ முழுக் குடும்பமும். ஆகவே, குடும்பத் தலைவர்களே, இன்றிரவு செபமாலை முடிந்ததும் கடன் கொப்பியைக் கேட்டு வாங்குங்கள். அவளோடு அமர்ந்து பாருங்கள்.