எடுத்தவள் அவள், பரப்பியது யார்?

தன் உடம்பைத் தானே படம் பிடித்துத் தனக்குப் பிடித்தவனுக்கு அனுப்புகிறாள் ஒருத்தி. அது வெளியே வந்துவிட்டால் ஊரும் சேரியும் அபூர்வமாய் ஒரே குரலில் பேசுகின்றன: "இவ ஏன் எடுத்தா?" பரப்பினவனைக் கேட்க ஆளில்லை. அவன் ஆதிக்க சாதிக்காரன் என்றால் அவன் பேரே அடிபடாது. அவள் பேரோடு சேர்ந்து தெருப் பேரும் நாறும்.

நம் பெண்களின் உடம்பில் எது தெரியணும், எது மறையணும் என்பதை மற்றவர்களே தீர்மானித்து வந்தார்கள். திருவிதாங்கூரில் புலையர் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது, கல்மாலைதான் போடணும். 1915இல் கொல்லத்தில் அய்யங்காளி கூட்டிய கூட்டத்தில் அந்த மாலைகளைக் கழற்றி எறிந்தார்கள். மறைக்கிற உரிமை யாருடையதோ, காட்டுகிற உரிமையும் அவளுடையதுதான். ஒன்றைப் போராட்டம் என்று கொண்டாடிவிட்டு மற்றதை ஒழுக்கக்கேடு என்று ஏசுவது என்ன நியாயம்?

ஒருவனுக்குக் காட்டச் சம்மதித்தது ஊருக்குக் காட்டச் சம்மதித்ததாகாது. இதைச் சட்டமே ஒத்துக்கொண்டிருக்கிறது. 2013இல் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த 354சி பிரிவு (2024 ஜூலையிலிருந்து நியாய சன்ஹிதாவின் 77), படமெடுக்கச் சம்மதித்தவள் பரப்பச் சம்மதிக்காவிட்டால் பரப்பியது குற்றம் என்கிறது. இந்த நியாயம் தானே எடுத்தவளுக்கு மட்டும் எப்படிப் பொருந்தாமல் போகும்? ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆவது பிரிவு சம்மதத்தைப் பற்றிப் பேசுவதேயில்லை. ஆபாசமா, இல்லையா, அவ்வளவுதான் அதற்கு வேண்டியது. நம்ம பஞ்சாயத்து நிற்பதும் இங்கேதான்.

தோழர்கள் சிலருக்கு இதற்கு ஒரே வைத்தியம்தான் தெரியும், பொம்பளப் புள்ளைங்க கையிலிருந்து போனைப் பிடுங்குவது. ஸ்காலர்ஷிப்புக்கு எழுதிப் போடுவதும் வேலை தேடுவதும் அந்தப் போனில்தான். பையன் கையிலுள்ள போனை யாரும் தொடுவதில்லை. "நான் யாருக்கும் அனுப்பல, வந்துச்சு, பாத்தேன்" என்கிறவர்களும் நம்மில் உண்டு. அவள் காட்டியது இவர்களுக்கு இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. படத்தில் அவனும் இருந்தால், ஆத்திரத்தில் அவளும் அதை வெளியே விடக் கூடாது. இதைச் சொன்னதற்கு ஒரு தங்கச்சி என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டாள்.

"அவன் மட்டும் செஞ்சான்ல?"

செஞ்சான். வழக்குப் போடு, ஸ்டேஷனுக்கு நானும் வர்றேன் என்றேன். அவளுக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை.