தமையனுக்காகப் பேசிய தம்பி

ஸ்ரீ:

தம்பி என்றதும் பக்தர்களின் நெஞ்சில் முதலில் எழுந்தருளுபவர் இளையபெருமாளே. பெருமாளுடன் கானகம் சென்று, அருகிருந்து கைங்கர்யம் செய்தவர் அவர். பிரிந்திருந்து, 14 ஆண்டுகள் பாதுகையைச் சிரமேற்கொண்டு நாட்டைக் காத்தவர் பரதாழ்வான். அந்தப் பரதனையே பின்பற்றித் தொண்டு புரிந்தவர் சத்ருக்நாழ்வான். தமையனுக்குத் தொண்டு செய்யும் வழி ஒன்றன்று என்பதை இம்மூவரும் காட்டியருளினர்.

நான்காவது வழியொன்றைத் திருவரங்கத்தில் காணலாம். நம்பிள்ளையின் சீடரான வடக்குத் திருவீதிப் பிள்ளைக்கு இரு குமாரர்கள். மூத்தவர் பிள்ளை லோகாசாரியர். இளையவர் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார். நம்பிள்ளையின் அருளால் மூத்தவரும், நம்பெருமாளின் அருளால் இளையவரும் அவதரித்தனர் என்பர் பெரியோர். இருவரும் இல்லறம் புகாது ஸம்ப்ரதாயத்திற்கே வாழ்வை அர்ப்பணித்தனர். எல்லோரும் உஜ்ஜீவிக்கும்படி மூத்தவர் 18 ரஹஸ்ய கிரந்தங்களை அருளிச்செய்தார்.

அவற்றுள் ஸ்ரீவசனபூஷணம் ஸம்ப்ரதாயத்திற்கு மாறானது என்று பொறாமையுற்ற சிலர் நம்பெருமாள் திருமுன்பே குறை கூறினராம். அங்கே விடை பகர்ந்தவர் இளையவரான நாயனார். அண்ணனின் வார்த்தைகள் ஆழ்வார்களின் திருவுள்ளமே என்பதை அவர்களுடைய அருளிச்செயல்களைக் கொண்டே நிலைநாட்டினார். அக்கருத்துக்களே 234 சூர்ணிகைகள் கொண்ட ஆசார்ய ஹ்ருதயமாக மலர்ந்தன. பிற்காலத்தில் இரு சகோதரர்களின் நூல்களுக்கும் மணவாள மாமுனிகளே வியாக்கியானம் அருளினார்.

அத்தகைய தம்பி, அண்ணனுக்கு முன்பே பரமபதம் அடைந்தார். தம்பியின் திருமுடியைத் தம் மடியில் வைத்துக்கொண்டு லோகாசாரியர் கதறினார் என்கிறது குருபரம்பரை. போர்க்களத்தில் இளையபெருமாள் சாய்ந்தபோது, இனிச் சீதையை மீட்டுத்தான் என்ன பயன் என்று பெருமாள் கலங்கியதும் இவ்வாறே அன்றோ! பின்னர் படையெடுப்பின்போது, நம்பெருமாளைக் காத்து எழுந்தருளச்செய்துகொண்டு தெற்கே புறப்பட்டபோது, முதிர்ந்த லோகாசாரியரின் அருகில் அத்தம்பி இல்லை. சித்தையன்கோட்டைக்குத் தென்கிழக்கே, மதுரையை அடுத்த ஜ்யோதிஷ்குடியில் அவர் திருநாடு எய்தினார். நம்பெருமாள் திருவரங்கம் மீண்டது 1371இல்.

பக்தகோடிகளே! ஒரு வரப்புக்காகப் பேச்சை நிறுத்திய சகோதரர்களும் ஒரே தேரின் வடத்தைப் பிடிக்க வருகிறார்கள். தம்பி தங்கையருக்குச் சேர வேண்டிய பங்கை அவர்கள் கேட்குமுன் கொடுப்பது மூத்தோர் கடமை. மூத்தோரைப் பிறர் பழிக்குமிடத்தில் வாய்மூடி நில்லாமை இளையோர் கடமை. மடியில் தலை சாய்ந்தபின் வரும் கண்ணீர், இருக்கும்போதே ஓர் இன்சொல்லாக வரட்டும். வடம் பிடித்த கை வீடு திரும்புமுன் உடன்பிறந்தார் கையையும் பற்ற எம்பெருமான் அருள்புரிவானாக.

சுபம்.